கம்ப்ரஸர் ஹவுஸ் காது

இன்பராஜ் என்னிடம் கேட்ட உதவி சின்னதுதான். தான் இன்னும் மிருதங்கம் வாசிக்கலாமா, கூடாதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வாசிக்கலாம் என்றால் வாசிப்பான். கூடாது என்றால் அன்றைக்கே உறையைப் போட்டுக் கட்டி ஆணியில் மாட்டிவிடுவான்.

"போன ஞாயித்துக்கெழம சர்ச்சில கீர்த்தன முடிஞ்சி, பாஸ்டரு ஜெபமே ஆரம்பிச்சிட்டாரு. நான் இன்னும் தட்டிக்கினு கீறேன்" என்றான். "பியாட்ரிஸ் பெஞ்சிலேர்ந்து கைய ஆட்டினா. அப்பாலதான் நிறுத்தினேன். வெளிய வந்தா எல்லாரும் இன்னா சொன்னாங்க தெரிமா? 'இன்பராஜு, இன்னைக்கி பிரமாதம்'னாங்க."

"நல்லாத்தானே சொல்லியிருக்காங்க?"

"அதான் தாமு பயமாகீது."

அவன் பயம் நியாயமானது. எங்கள் கோலார் தங்க வயலில் பாராட்டு என்பது மரியாதைக்கு வைக்கும் வெற்றிலை மாதிரி. யார் வந்தாலும் தட்டை நீட்டிவிடுவோம். போதாததற்கு ஊரில் பாதிப் பேருக்குக் காது மந்தம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் நலம் விசாரித்துக்கொண்டால் போதும், பங்காருப்பேட்டையிலிருந்து வந்த வெளியூர்க்காரன் சண்டையை விலக்கிவிட ஓடி வருவான். பாட்டு கேட்க உட்காரும் ஜனங்களில் முக்கால்வாசி பூமிக்குக் கீழே ஒரு மைல் ஆழத்தில் பாறையைத் துளைத்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் "பேஷ்" என்றால் வித்வான் வாயைத் திறந்ததைப் பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும் பொருள்.

இன்பராஜும் அந்தக் கூட்டம்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக டிரில் பிடிக்கிறான். டிரில் ஓடுவது காற்றில். அந்தக் காற்றை மேலே கம்ப்ரஸர் ஹவுஸில் அடைத்து அனுப்புகிற கோஷ்டியில் நானும் ஒருவன். நான் அனுப்பிய காற்றுதான் கீழே அவன் கையில் அலறியது. டிரில் பிடிக்கக் காது தேவையில்லை என்பதால் கம்பெனிக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. மிருதங்கத்துக்குத்தான் கவலை.

"பெங்களூர்லேர்ந்து சரோஜம்மா பாட வராங்க இல்ல, நான்தான் மிருதங்கம். அந்தக் கச்சேரிய டேப்ல புடி. அப்பால உக்காந்து கேளு. தாளம் தப்புதான்னு நெஜத்த சொல்லு."

"ஏன், சரோஜம்மாவையே கேக்கறது?"

"அவங்க பெரிய மனுஷி. மனசு நோவ சொல்ல மாட்டாங்க. உன்கிட்ட மிஷின் கீது. மிஷினுக்கு மொகஸ்துதி தெரியாது. அதுவும் இல்லாம, உன்னோடது நல்ல காதுன்னு நீயே நாலு வருஷமா சொல்லிக்கினு கீற."

அது உண்மை. நாலு வருஷத்துக்கு முன்பு, அறுபத்தைந்தில், தங்கக் கல்லை அரைக்கும் மில்லில் ஃபோர்மேனாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். போகும்போது தன் டேப் ரெக்கார்டர், சினிமா பிடிக்கும் சின்னக் கேமரா, படம் காட்டும் புரொஜக்டர் மூன்றையும் என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். கூடவே ஒரு கையேடு. அதை நான் மனப்பாடம் செய்தேன். அன்று முதல் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒலி சம்பந்தமான சகல விவகாரங்களுக்கும் நானே நீதிபதி. ரேடியோ கரகரத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "பாஸ் அதிகம்" என்பேன். பாஸ் என்றால் என்னவென்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரமம்.

"பண்ணிடலாம்" என்றேன். "என் காதுக்கு ஒண்ணும் தப்பாது."

ரசிகர் மகாசபையின் பத்தாவது ஆண்டு விழாவில் கச்சேரி. சபைக்குக் காரியதரிசி சௌந்தரராஜன். டைம் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தவனிடம் கூட மேடைத் தமிழில்தான் விசாரணை நடத்துவார். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்கப் போனேன்.

"மிஸ்டர் தாமோதரன், நல்ல சமயத்தில் வந்தீர். இவ்விழாவை வருங்காலச் சந்ததியினர் காணவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். உம்மிடம் சினிமாக் கேமரா இருக்கிறதல்லவா?"

"இருக்குது சார். ஆனா கேமராவுக்குக் காது கிடையாது. டேப்புக்குக் கண் கிடையாது. தனித்தனியா புடிச்சி, அப்பறம் ரெண்டையும் ஒண்ணா ஓட்டணும்."

"ஓட்டும். அடியேனுடைய வரவேற்புரை முழுவதும் பதிவாக வேண்டும்."

என்னிடம் இருந்தது மூன்றே சுருள். ஒரு சுருள் நாலு நிமிஷம். அதுவும் ஒரே மூச்சில் ஓடாது. அரை நிமிஷத்துக்கு ஒரு முறை கடிகாரம் மாதிரி சாவி கொடுக்க வேண்டும். அவர் உரை முப்பத்தைந்து நிமிஷம். வாதாடினேன். முதல் இரண்டு சுருள் அவருக்கு, கடைசிச் சுருள் கச்சேரிக்கு என்று தீர்ந்தது. சங்கீத சபையில் சங்கீதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது பெரிய வெற்றி என்றே நினைக்கிறேன்.

விழா அன்று நான் செய்த ஏற்பாடுகளைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. சபையின் மைக் மேடையில் கம்பியில் நின்றது; என் மைக்கை அங்கே வைக்கவில்லை. வைத்தால் பலகை அதிர்வதெல்லாம் ஏறும். மூங்கில் கழியில் கட்டி, மேடைக்கு ஆறடி முன்னால், பாடுகிறவர் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டேன். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். கேமரா ஓடும்போது கிர்ரென்று சத்தம் போடும் என்பதால் அதற்குக் கம்பளி சுற்றினேன். படத்துக்காக இரண்டு பெரிய விளக்கு வேறு. மின்விசிறி இல்லாமல், விளக்குச் சூட்டில், முன்வரிசைப் பிரமுகர்கள் இட்லி மாதிரி வெந்தார்கள். கையேட்டில் இருந்ததைத்தான் செய்தேன். அதை எழுதியவர் குளிர் தேசத்துக்காரர்.

படத்தையும் ஒலியையும் பிற்பாடு சேர்த்து ஓட்ட ஒரு உபாயம் உண்டு. ஆரம்பத்தில் ஒருவர் கேமரா முன்னால் ஒரே ஒரு தடவை கையைத் தட்ட வேண்டும். படத்தில் கை சேரும் இடமும் டேப்பில் 'டப்' என்னும் இடமும் ஒன்றானால் மீதியெல்லாம் ஒன்றாகும். காரியதரிசியைக் கேட்டேன்.

"கை தட்டுவதா? நானா? எனக்குக் கை தட்டித்தான் பழக்கம், மற்றவர்களுக்கு."

தனக்குக் கை தட்டுவதுதான் மற்றவர்களுக்குப் பழக்கம் என்று சொல்ல வந்தார் போல. அப்புறம் சந்ததியினர் பெயரைச் சொல்லிக் கெஞ்சியதில் ஒரு தட்டு தட்டினார். காரியதரிசி தட்டினால் தட்ட வேண்டும் என்று பத்து வருஷம் பழகிய சபை அல்லவா? ஐந்நூறு பேரும் சேர்ந்து தட்டினார்கள். ஓய ஒரு நிமிஷம் ஆனது. எந்தத் தட்டு எங்கள் தட்டு என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

உரை முடிந்தது. கச்சேரி ஆரம்பித்தது. சரோஜம்மா நடுவில், வயலின் ஒரு பக்கம், இன்பராஜ் மறுபக்கம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அந்த இயந்திரத்தில் ஒரு பச்சைக் கண் உண்டு. சத்தம் ஏற ஏற இரண்டு பச்சைச் சிறகுகள் நெருங்கி வரும். தொட்டால் போதும் என்று பொருள். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் சத்தம் அதிகம், குறைக்க வேண்டும். அன்றைக்கு முதல் பாட்டிலேயே ஏறின. குறைத்தேன். குறைத்தால் ஹெட்போனில் சரோஜம்மா அடுத்த தெருவில் பாடுகிறார். கூட்டினேன். பக்கத்தில் வந்து பாடினார், கணீரென்று. பச்சைக் கண்ணோ மூடியது மூடியபடி. ஃபோர்மேன் கெட்டுப்போன கண்ணை என் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார் என்று முடிவுக்கு வந்தேன். நாலு வருஷம் பழகிய அந்தக் கண்ணைச் சந்தேகிக்க எனக்கு ஒரு விநாடி போதுமானதாக இருந்தது. வேறு எதையும் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

தனி ஆவர்த்தனம் வந்ததும் டேப்பைத் தானாக ஓடவிட்டு எழுந்துபோய்க் கேமராவைப் பிடித்தேன். பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் பேசுகிற நேரம் அது. சரோஜம்மா கையால் தாளம் போட, இன்பராஜ் வாசித்தான். கடைசிச் சுருளில் முக்கால்வாசி அதற்கே செலவானது.

மறுநாள் முதல் ஷிப்டு முடிந்து வந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு டேப்பைப் போட்டேன். பாட்டு பரவாயில்லை. மிருதங்கம் வந்தபோது திக்கென்றது. தகர டின்னில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடமே இல்லை. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று சரிந்தது. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மூன்று தடவை கேட்டேன். தனியில் மூன்று இடத்தில் தாளம் தப்புவதாகத் தீர்மானித்தேன். ஏன் மூன்று? நான்கு என்றால் சிநேகிதனுக்கு அநியாயம், இரண்டு என்றால் என் காதுக்கு அவமானம் என்று பட்டிருக்கலாம்.

இன்பராஜ் வீடு, தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் லைனுக்கு அடுத்த லைன். போனேன். வாசலில் நின்றிருந்தான்.

"சொல்லு" என்றான்.

"உக்காந்து பேசலாம்."

"உக்காந்தா பதிலு மாறுமா?"

"மூணு எடம்" என்றேன். "தனியில."

"மூணா?"

"மூணு."

அவன் மனைவி பியாட்ரிஸ் உள்ளே அடுப்படியில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றதை அவள் கை நின்றதால் தெரிந்துகொண்டேன். இன்பராஜ் உள்ளே போய் மிருதங்கத்தை மடியில் வைத்து வலந்தலைத் தோலைத் துணியால் துடைத்தான். உறைக்குள் விட்டு நாடாவை முடிந்தான். அவசரமில்லாமல், கீழே வெடி வைக்கிறவன் மாதிரி நிதானமாகச் செய்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"நீ ஒர்த்தன்தான் நெஜத்த சொன்ன. டீ குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். நடந்து வரும்போது மனசு கனத்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கசப்பான உண்மையைச் சொல்லும் துணிச்சல் ஊரில் எத்தனை பேருக்கு உண்டு?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் மட்டும் தனியாகப் பாடிற்றாம். பியாட்ரிஸ் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். இன்பராஜ் பின்பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டானாம்.

அடுத்த வாரம் வின்னி வந்தாள். கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற ஆங்கிலோ இந்தியப் பெண், எதிர் சந்தில் வீடு. கச்சேரிக்கு வர முடியவில்லை, ட்யூட்டி. சரோஜம்மா பாட்டைக் கேட்க வேண்டுமென்றாள். பெருமையோடு போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு நிமிஷம் போயிருக்கும். காதைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கிள், ஸ்டாப், ஸ்டாப்! என்னா இது? எல்லாம் உடைஞ்சி போயிருக்கு!"

"மிருதங்கம்தானே? பாவம், அவனுக்கு வயசாச்சி."

"மிருதங்கம் இல்ல அங்கிள், எல்லாமே. இவ்ளோ ஏத்தி வெச்சா ரெக்கார்ட் பண்ணினீங்க? அந்த கிரீன் லைட்டு மூடிக்கல?"

"மூடிச்சி. அது ரிப்பேரு."

வின்னி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தின் பக்கம் காட்டினாள்.

"சரி, இந்த விசில் உங்களுக்குத் தொந்தரவா இல்லியா?"

"எந்த விசில்?"

"ஆரம்பத்திலேர்ந்து பின்னால ஒண்ணு கூவுதே. ஹால் ஸ்பீக்கரு கூவுது. சன்னமா, ஊசி மாதிரி."

"எப்ப?"

"இப்ப."

காதைக் கிட்டக் கொண்டுபோனேன். சரோஜம்மா பாடிக்கொண்டிருந்தார். வயலின் கேட்டது.

"இப்ப நின்னுடுச்சா?" என்றேன்.

"இல்ல அங்கிள். இருக்கு."

"இப்ப?"

அவள் கையை நீட்டி டேப்பை நிறுத்தினாள். இருபத்து நாலு வயசுப் பெண் இப்படி மென்மையாகப் பேச ஆரம்பித்தால் நமக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள்.

"தப்பா நெனைக்காதீங்க. கம்ப்ரஸர் ஹவுஸ்லேர்ந்து நீங்க போன் பண்ணினா நாங்க ஹெட்செட்டக் கழட்டி மேஜ மேல வெச்சிடுவோம். அங்கேர்ந்தே நல்லா கேக்கும். உங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். எங்களுக்குப் பழக்கம்."

"தாளம்?" என்றேன். "மிருதங்கம் தாளம் தப்புதா, அதச் சொல்லு."

"இந்த டேப்ப வெச்சா? கல்லு லாரிய கவுத்த மாதிரி இருக்கு. இதுல தாளத்த யாரால கண்டுபிடிக்க முடியும்?"

அவள் போன பிறகு வெகுநேரம் கையேட்டைப் புரட்டினேன். பச்சைக் கண்ணைப் பற்றிய பக்கம் எனக்கு மனப்பாடம். 'உங்கள் காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைத்தான் நான் நாலு வருஷமாக அடுத்தவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

இன்பராஜிடம் உடனே போனேன் என்று சொன்னால் அது பொய். நாலு நாள் தள்ளிப்போட்டேன். முதல் நாள் ஷிப்டு மாற்றம். இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாளும் நாலாம் நாளும் காரணம் கிடைக்கவில்லை, சும்மா போகவில்லை. அடுத்தவன் காதைப் பற்றி உண்மை சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

ஐந்தாம் நாள் போனேன்.

"இன்பராஜு, நான் சொன்னது தப்பு. என் காதும் போயிடுச்சி."

"இன்னா?"

"என் காது போயிடுச்சின்னேன்!"

"யாரு போயிட்டாங்க?"

"என் காது! எனக்குக் காது கேக்கல!"

நாலு வீடு தள்ளி ஒரு அம்மாள், "அது தெரியுமே, அதுக்கு ஏன் கத்தற?" என்றார்.

பச்சைக் கண்ணிலிருந்து விசில் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. திட்டுவான் என்றும் எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை.

"அப்ப அந்த மூணு எடம்?"

"தெரியாது. ஒண்ணுகூட இல்லாம இருக்கலாம். முப்பதாவும் இருக்கலாம்."

"அடப்பாவி. மூணுன்னியேன்னு நானே மூணு எடத்த யோசிச்சி வெச்சிக்கினேன். இங்க தப்பியிருப்பேன், அங்க தப்பியிருப்பேன்னு. படுத்தா அதான் வருது." பிறகு சொன்னான்: "தெரியலன்னு சொல்றதுக்கு, நீ மொதல்ல சொன்னதே தேவல. அது ஒரு முடிவாவது."

பியாட்ரிஸ் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, கேமராவுல ஒண்ணு புடிச்சீங்களே, அது இன்னா ஆச்சி?"

"பம்பாய்க்குக் கழுவ அனுப்பியிருக்கேன். வரும். ஆனா அதுல சத்தம் கிடையாதும்மா."

"சத்தம் இருந்து மட்டும் உங்க ரெண்டு பேருக்கும் இன்னா ஆவப்போது?"

நானும் இன்பராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தனியில் சரோஜம்மாவின் தாளக் கையும், இவன் கையும், இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. சுற்று முடிந்து அவர் கை தொடையில் விழும்போது இவன் கை தோலில் விழுகிறதா இல்லையா என்று பார்க்கக் காது எதற்கு?

சுருள்கள் வர மூன்று வாரம் ஆனது. இன்பராஜ் தினமும் ஷிப்டு விட்டு வரும் வழியில் என் வீட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவான். நான் உதட்டைப் பிதுக்குவேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வந்ததும் காரியதரிசி முந்திக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் சபையில் திரை கட்டி, படத்தையும் டேப்பையும் ஒன்றாக ஓட்ட வேண்டுமென்றார். எந்தத் தட்டு எந்தத் தட்டு என்று தெரியவில்லை சார் என்று மன்றாடியும் கேட்கவில்லை. ஓட்டினேன். படத்தில் அரை நிமிஷத்துக்கு ஒரு துண்டாக அவர் உரை தாவித் தாவி முடிவுக்குப் போய்க்கொண்டிருக்க, டேப்பில் அவர் இன்னும் வருகை தந்தோரை வரவேற்றுக்கொண்டிருந்தார். திரையில் வாய் மூடியிருந்தபோது குரல் வந்தது. குரல் மூச்சு வாங்கியபோது திரையில் விரலை உயர்த்தி எச்சரித்தார். இது சரிப்படாது என்று நான் டேப்பை முன்னால் ஓட்டிப் போட்ட இடத்தில், காரியதரிசி சரோஜம்மாவின் குரலில் ராகம் பாட ஆரம்பித்தார். சபை எழுந்து நின்று கை தட்டியது. பத்து வருஷத்தில் அவருக்குக் கிடைத்த மனப்பூர்வமான கைதட்டல் அது ஒன்றுதான். அவரும் வணங்கி ஏற்றுக்கொண்டார்.

கடைசிச் சுருளை அங்கே போடவில்லை. மறுநாள் ஞாயிறு மத்தியானம் இன்பராஜ் வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினோம். சுவரில் பியாட்ரிஸ் வெள்ளை வேட்டியை ஆணியடித்து இழுத்துக் கட்டினாள். இன்பராஜ் குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சிவப்பாக இருந்த அவன் கண்ணைப் பார்த்தால் தூங்கினவன் மாதிரி தெரியவில்லை.

படம் ஓடியது. வேட்டியில் சரோஜம்மா கை நீட்டித் தாளம் போட்டார். ஒரு தட்டு, மூன்று விரல். தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு. எதிரே இன்பராஜின் இரண்டு கையும் பறந்தன. கருப்பு வெள்ளையில், ஒரு சத்தமும் இல்லாமல்.

"புரொஜக்டர் கிர்ருனு கத்துது" என்றாள் பியாட்ரிஸ்.

"அப்படியா?" என்றோம் நாங்கள்.

இன்பராஜ் விரலை மடக்கினான். சுற்று முடிந்தது. அவர் கை விழுந்தது, இவன் கை விழுந்தது. ஒன்று. மறுபடி. இரண்டு. சாவி தீர்ந்த இடங்களில் படம் தாவும். அங்கெல்லாம் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தான். ஐந்து. ஆறு. கடைசியில் முத்தாய்ப்பு. மூன்று முறை ஒரே கோவையை வாசித்து, பாட்டு எழும்பும் இடத்தில் கொண்டு வந்து இறக்க வேண்டும். இறக்கினான். சரோஜம்மாவின் வாய் அதே கணத்தில் பாட்டுக்குத் திறந்தது.

"தப்பல!" என்று கத்தினேன். "ஒரு எடத்துலயும் தப்பல இன்பராஜு!"

அவன் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை.

"திருப்பிப் போடு" என்றான்.

போட்டேன்.

"இப்ப கைய உடு. என் கண்ணப் பாரு."

பார்த்தேன். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரன் கண் எங்கெங்கோ போகும். மூடும், கூரையைப் பார்க்கும், முன்வரிசையில் எவனாவது தலையாட்டுகிறானா என்று தேடும். இவன் கண் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே இடத்தில் நின்றது. சரோஜம்மாவின் வலது கையில். இமைத்த மாதிரிகூடத் தெரியவில்லை.

"கேட்டு வாசிக்கல தாமு. பாத்து வாசிச்சிக்கினு கீறேன். பரீட்சையில பக்கத்துப் பையன் பேப்பரப் பாக்கற மாதிரி. சர்ச்சில பாடறவங்க கையில தாளம் போட மாட்டாங்க. அதான் அங்க தெரிஞ்சி போச்சி."

"பாத்தா இன்னா, சரியாத்தானே கீது?" என்றாள் பியாட்ரிஸ்.

"இன்னொருக்கா போடு."

மூன்றாவது தடவை அவன் எழுந்து வேட்டியின் பக்கத்தில் போய் நின்றான். பாதிப் படம் அவன் சட்டையில் ஓடியது.

"அந்தம்மா கையப் பாரு இப்ப. தொடையில போடற தாளம் எதுக்கு தோள் ஒசரத்துக்குப் போயிட்டு வருது? வயலின்காரரு அந்தப் பக்கம் கீறாரு. கை இந்தப் பக்கமா திரும்பிக் கீது. ஒக்காந்த எடத்திலேர்ந்து ஒரு சாண் தள்ளி வந்துக்கீறாங்க பாரு, சபை மைக்குக் கம்பி மறைக்கக் கூடாதுன்னு."

அவன் சொன்ன பிறகு அது மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அந்தக் கை மேலே ஏறி, அரைக் கணம் நின்று, அவன் பார்த்துவிட்டானா என்று பார்த்துவிட்டு இறங்கிற்று. ஐந்நூறு பேர் உட்கார்ந்த சபையில் யாருக்கும் தெரியவில்லை. ஆறடி தூரத்தில் கம்பளி போர்த்திய கேமராவோடு நின்ற எனக்கும் தெரியவில்லை.

படம் முடிந்து வெறும் வெளிச்சம் வேட்டியில் விழுந்தது. நிறுத்தினேன்.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான் இன்பராஜ். "ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கி வாசிச்சிருப்பியா?" என்றாள் பியாட்ரிஸ்.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். நான் கம்பளியை அவிழ்த்து மடித்தேன். வெயில் உள்ளே வந்தது. இவ்வளவு நாள் காதில்லாமல் தீர்ப்புச் சொல்லியது போதும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது சுலபமான காரியமல்ல.

"தாமு" என்றான் கடைசியில். "பேப்பர் பேனா கீதா? ஒரு லெட்டர் எழுதணும். உன் கையெழுத்து நல்லா இருக்கும்."

பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். 'சங்கீதக் கடலின் கலங்கரை விளக்கமாகத் திகழும் பெருமதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்துப் படித்துக் காட்டினேன்.

"அது யாரு, சௌந்தரராஜன் சாருக்கா? அடி அத. நான் சொல்றத மட்டும் எழுது."

அடித்தேன். அவன் சொன்னான். அவனுக்குக் கேட்கிற அளவில் அவன் சொன்னான், எனக்குக் கேட்கிற அளவில் நான் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லி எழுதினேன்.

"அம்மாவுக்கு இன்பராஜ் வணக்கம். எனக்கு ரெண்டு வருஷமா காது சரியில்ல."

"காது சரியில்ல!"

"மறைச்சிட்டேன். மன்னிக்கணும். உங்களுக்குத் தெரியும்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது."

"இப்பத்தான் தெரிஞ்சது!"

எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, எடுக்கிற ஆள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பியாட்ரிஸ் கதவைச் சாத்த எழுந்தாள்.

"உடு" என்றான் இன்பராஜ். "சாத்தினா இவனுக்கு எழுத வெளிச்சம் வேணாமா? எப்படியும் இனிமே பாடறவங்க எல்லார்கிட்டயும் இதச் சொல்லித்தான் ஆவணும். தெருவுக்கு முன்னாடியே தெரிஞ்சா இன்னா?"

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எழுது. அடுத்த தடவ வரும்போது என்னப் பக்கத்துல ஒக்கார வெக்காதீங்க. நேர் எதிர்ல ஒக்காந்துக்கறேன்."

"எதிர்ல ஒக்காந்துக்கறேன்!" என்று எழுதினேன்.

"ஜனங்களுக்கு முதுகு தெரியும். பரவாயில்ல."